அபூ யூசுபின் காலுக்கு ஒரு பிரேக்

குவைத்தில் யாரும் கடைக்காகக் காரை விட்டு இறங்குவதில்லை. மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள். கடைக்காரன் ஓடி வந்து ரொட்டியையோ சிகரெட்டையோ ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். டீயும் அப்படியே. எங்கள் ஊர் விருத்தாசலத்தில் ஒரு கார் வந்து நின்றால் இறங்குவது யார் என்று பார்க்க நாலு பேர் நிற்பார்கள். இங்கே நடந்து போகிற என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். வந்த புதிதில் இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். கார் ஓட்ட முடியாமல் போன ஒருவரைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

அவர் பெயர் அபூ யூசுப். நான் மெக்கானிக்காக இருக்கிற காரேஜுக்கு ஒருநாள் டாக்ஸியில் வந்து இறங்கினார். இளம் வயதில் கப்பலில் உழைத்ததில் இரண்டு முழங்கால்களும் கெட்டு, முழுதாக நீட்ட முடியாது. அவருடைய இம்பாலா காரைத் தெருவோரம் நிறுத்தியிருந்தபோது ஒரு தண்ணீர் லாரி பின்னால் மோதி நசுக்கிவிட்டது. இறந்துபோன தம்பியின் பெல் ஏர் ஒன்று வீட்டில் நின்றது. இரண்டும் ஒரே கம்பெனி செய்த கார்கள்தான். ஆனால் அதில் பவர் பிரேக் கிடையாது, பலமாக மிதித்துத்தான் நிறுத்த வேண்டும். அந்தக் கால்களுக்கு அது ஆகாது. இம்பாலாவின் பவர் பிரேக்கைக் கழற்றிப் பெல் ஏரில் மாட்டினால் மறுபடி ஓட்டலாம். இல்லையென்றால் தொழுகைக்குப் போவதற்கும் மருமகன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருமகன் நல்லவன்தான், ஆனால் காத்திருப்பது கசக்கிறது என்று எங்கள் ஃபோர்மேன் மூலம் சொன்னார்.

பவர் பிரேக் என்பது ஒன்றும் மாயமில்லை. வாணலியைக் கவிழ்த்தது போல ஒரு தகர டப்பா, பூஸ்டர் என்பார்கள். என்ஜின் காற்றை உறிஞ்சுகிற விசையை வாங்கி, காலுக்குப் பதில் அது தள்ளும். அதன் மூக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பி முன்னாலுள்ள மாஸ்டர் சிலிண்டரில் போய் முட்டினால்தான் பிரேக் எண்ணெய் சக்கரத்துக்குப் போகும். கம்பியின் நுனியைத் திருகி நீட்டலாம், குறைக்கலாம். ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றும்போது வேலையெல்லாம் அந்த நுனியில்தான் இருக்கிறது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பம்பாய்க்கு ஓடி, திரும்பி, மறுபடி ஓடியவன். நடுவில் ஊரில் தங்கிய வருடங்களில் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்தேன். கப்பு, ஜாடி, பொம்மை என்று வைக்கோலில் பொதிந்து ஏற்றுகிற லாரிகள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் வேலை முடிந்த லாரியில், சூளையில் கோணிப்போன கப்புகளைப் பின்பலகை மேல் வரிசையாக நிறுத்துவார்கள். டிரைவர் ரயில்வே கேட் வரை ஓட்டிப்போய்ப் பிரேக் பிடிப்பார். “கப்பு வுழுந்துதுன்னா இன்னிக்கு டீ ஒன்னோடது” என்பார் துரைசாமி டிரைவர், வண்டியில் ஏறும்போதே. சரக்கு உடைந்தால் அவர் படிக்காசில் பிடிப்பார்கள், அவருக்கு அந்தக் கவலை. அதனால் நாங்கள் பெடலில் தாராளமாக இடம்விட்டு வைப்போம். கால் பாதி தூரம் போன பிறகு பிரேக் மெல்லப் பிடிக்கும். எங்களுக்கு நல்ல பிரேக் என்றால் அதுதான்.

பெல் ஏரிலும் என் கை அதையே செய்திருக்கிறது. யோசித்துச் செய்ததில்லை. கம்பி நுனியை உள்ளே திருகி, இடைவெளி விட்டு மாட்டினேன். டாஷ்போர்டின் மேல் ஒரு சின்னக் கிளாஸில் டீயை வைத்துக்கொண்டு காரேஜுக்குப் பின்னாலுள்ள பொட்டலில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெருமையோடு சாவியை அபூ யூசுபிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். முழங்கால் நீளுகிற வரை நீண்டது, அதற்கு மேல் போகவில்லை. பிரேக் பிடிக்கிற இடம் அதற்கும் அப்பால் இருந்தது. இன்னொரு காலாலும் முயன்றார். கார் மெதுவாகப் போய்ப் பழைய டயர் அடுக்கில் முட்டி நின்றது. டாஷ்போர்டில் இருந்த டீ அவருடைய வெள்ளை அங்கியில் கொட்டியது. அதை அவர் பார்க்கவே இல்லை. முழங்காலைத் தட்டி, “கலாஸ்” என்றார். முடிந்தது என்று பொருள். என் அரபி கடை வீதிக்கு மட்டும் போதுமானது. கோளாறு காலில் இல்லை, வண்டியில்தான் என்று சொல்ல முயன்றேன். அவரோ நான் ஆறுதல் சொல்வதாக எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். பிறகு இறங்கி, இரண்டு காரையும் விற்றுவிடும்படி ஃபோர்மேனிடம் சொல்லப் போனார்.

கூட வேலை செய்கிற அந்தோணி எங்கள் ஊருக்கு அருகே கம்மாபுரத்துப் பக்கத்துக்காரன். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“யோவ், இன்னாத்துக்கு இவ்ளோ எடம் வுட்டுருக்க? இதுல கப்பு சாசரா ஏத்திக்கினு சேத்தியாத்தோப்புக்குப் போப்போறாரு? அந்த மனுசனுக்குக் காலு நீளாதுன்னு தெரியும்ல?”

“தெரியும்யா. கை அதுவா செஞ்சிருச்சி.”

“அவுரு தன் காலுதான் போச்சின்னு நெனச்சிக்கினு போறாரு. ஓடிப்போய்க் கூப்புடு.”

கூப்பிட்டு வந்தேன். ஃபோர்மேனை விட்டுச் சொன்னாலும் ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வார். காருக்குள் குனிய வைத்து, அவர் உள்ளங்கையைப் பெடலில் வைத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினார். கையும் வெறுமனே உள்ளே போயிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்திலேயே நிற்க, எண்ணெய்க் குழாயைப் பிரிக்காமல் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் முன்னால் இழுத்து, கம்பி நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகினேன். கூடுதலாக நீட்டினால் பிரேக் விடாது, சக்கரம் சுடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஓட்டி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் அவர் இரண்டு விரலால் பெடலைத் தொட்டார். தொட்ட இடத்திலேயே பிடித்தது. கையை எடுத்தார், மறுபடி தொட்டார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, காலால் மிதித்து, கார் நின்ற பிறகுதான் சிரித்தார்.

சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனார். ஒவ்வொரு சிக்னலிலும் என் நெற்றி கண்ணாடிக்கு அருகே போய் வந்தது. வீடு எங்கே என்று கேட்டார். பத்துப் பேர் படுக்கிற எங்கள் அறையின் பக்கம் கை காட்டினேன். வாசலில் நிறுத்தினார், கியரை மாற்றவில்லை. கிளட்ச் இல்லாத இந்தக் கார்கள் அப்படி நின்றால் முன்னே போகவே பார்க்கும்; அவர் பாதம் லேசாகத் தொட்டிருந்ததால் நின்றது. கதவைத் திறந்து ஒரு காலை மணலில் வைத்தேன். அந்த வீடு இல்லை, உன் வீடு எங்கே, அங்கே ஆறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மணிமுத்தாறு. அதிலும் பாதி நாள் மணல்தான் என்பதைச் சொல்ல எனக்கு அரபி தெரியவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். என் மற்ற கால் காருக்குள்ளேயே இருந்தது. வண்டி மெல்ல அதிர்ந்துகொண்டு நின்றது.