வாப்பா பேச வேண்டிய இடம்

எண்பதுகளோட ஆரம்பம். எங்க நானா, என் கூடப்பொறந்த அண்ணன், சவுதியில வேலை பார்த்தாங்க. காரைக்கால்ல எங்க தெருவுல அப்ப கடுதாசியைவிட கேசட்டுக்குத்தான் மவுசு. யாராச்சும் சவுதிக்கு சபர் கிளம்பினா, நாங்க பேசிப் பதிஞ்ச கேசட்டை அவங்க கையில குடுத்து விடுவோம். முதல்ல வாப்பா பேசுவாங்க, அப்புறம் உம்மா, கடைசியா நான். வாப்பாவுக்கு ஆஸ்துமா. நாங்க பேசுறப்பவும் பக்கத்துல உக்காந்து இருமிக்கிட்டே இருப்பாங்க. "டேப் ஓடுதுல்ல, கொஞ்சம் சும்மா இருங்களேன்"னு உம்மா கடிஞ்சுக்குவாங்க. அதுவும் பதிவாயிடும்.

ஒரு ஐப்பசி மழையில வாப்பா மவுத்தாயிட்டாங்க. அன்னிக்கே அடக்கம். தந்தி அடிச்சாலும் நானாவால முகம் பார்க்க வர முடியாது, லீவு அடுத்த வருஷம்தான். "ஒத்தையில கிடந்து அழுவான், வந்ததும் சொல்லிக்கலாம்"னு பெரியவங்க முடிவு பண்ணாங்க. எங்க தெருவுல அது வழக்கம். காலேஜ்ல பிஸிக்ஸ் படிக்கிறவ, பெரிய புத்திசாலி, நானும் தலையாட்டினேன்.

அடுத்த கேசட்டுல உம்மா, "வாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்குப்பா"ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல முடியாம எழுந்து உள்ள போயிட்டாங்க. டேப் சும்மா ஓடுது. நிறுத்தணும்னு எனக்குத் தோணல. வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பிச்சேன்.

"நானா, இன்னிக்கு கிளாஸ்ல சொன்னாங்க. ஒரு கேலக்ஸிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம கிடக்கே, அங்கயும் ஈர்ப்பு இருக்காம். தூரம் கூடக்கூடக் குறையுமே தவிர, சுத்தமா இல்லாமப் போகாதாம். அது போய்ச் சேரவும் காலம் பிடிக்குமாம். இங்க ஒண்ணு இல்லாமப் போயிட்டாக்கூட, சேதி எட்டுற வரைக்கும் அங்க அது இருக்கிற மாதிரியேதான் இழுக்குமாம்."

சொன்னப்புறம்தான் என்ன சொல்லித் தொலைச்சேன்னு உறைச்சுது. கேசட் கொண்டு போறவர் வாசல்ல நிக்கிறார். அப்படியே எடுத்துக் குடுத்துட்டேன்.

பதில் கேசட்டுல நானா குரல் எப்பவும் போலத்தான் இருந்துச்சு. "வாப்பா, மருந்தை விட்டுடாதீங்க. மழையில வெளிய போவாதீங்க." உம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நானா நம்பிட்டாங்கன்னு எனக்கு நிம்மதி. வெக்கங்கெட்ட நிம்மதி. அப்புறம் வந்த ஒவ்வொரு கேசட்டுலயும் நானா மருந்தை விசாரிச்சாங்க. நாங்களும் சளைக்காம பொய் சொன்னோம்.

அடுத்த வருஷம் லீவுல வந்த நானா பெட்டியை வாசல்ல வச்சுட்டு, வீட்டுக்குள்ளகூட வராம நேரா வாப்பாவை அடக்கின மையவாடிக்குப் போனாங்க. நாங்க இன்னும் வாயே திறக்கல. திரும்பி வந்ததும் எப்படித் தெரியும்னு கேட்டேன்.

"நீ கேலக்ஸி பத்திப் பேசின அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு புள்ள. அவ்வளவு நேரம் பேசினே, பின்னால ஒரு இருமல்கூட இல்ல."

"அப்புறம் ஏன் நானா மருந்தை விசாரிச்சீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தானே உம்மா தைரியமா இருந்தாங்க. அதை ஏன் கெடுப்பானேன்?"

கூட வேலை பார்த்தவங்களோட தங்கியிருந்த கேம்ப்புல யார்கிட்டயும் நானா மூச்சு விடலியாம். நாங்க இங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு அழுது தீர்த்தோம். ஒத்தையில அழக்கூடாதுன்னு மறைச்சோம். அவ்வளவு மாசமும் நானா ஒத்தையிலதான் அழுதிருக்காங்க.