அடுத்த எண்

பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்திய ஒரு நிறுவனத்தில் நிமியாவுக்கு லாகின் சோதிக்கும் வேலை. வாசலில் பாஸ்வேர்டு, அதைத் தாண்டினால் ஓடிபி. உள்ளே போன பிறகும் அறிக்கை, முன்பதிவு, கட்டணம் என்று ஒவ்வொரு சேவையும் தன் பங்குக்கு ‘நீ யார்’ என்று கேட்க வேண்டும். கேட்கிறதா என்று குடைந்து பார்ப்பவள் அவள். இந்தக் குடைச்சல் தாங்காமல்தான் புருஷன் ஓடிப்போனான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அறிக்கைச் சேவையை எழுதிய டெர்லிஸ் பக்கத்து மேசைக்காரன். தினமும் காலையில் ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரை அவளுக்கும் ஊற்றி நீட்டுவான்.

புதிய தளம் திறக்க ஒரு வாரம் இருந்தது. நிமியா தன் அறிக்கையைத் திறந்து, இணைய முகவரியில் இருந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தாள். சோதனை சர்வரில் மற்றதெல்லாம் பொய்ப் பெயர்கள் என்று நம்பியிருந்தாள். யாரோ சோம்பேறித்தனமாக ஊழியர்களின் வருடாந்திரப் பரிசோதனை முடிவுகளை அப்படியே கொட்டி வைத்திருந்தார்கள். அறிக்கைச் சேவை ‘நீ யார்’ என்று கேட்கவே இல்லை. டெர்லிஸின் பெயர் வந்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் அவன்தான். சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

சட்டென்று மூடினாள். ஓட்டையைச் சொல்லாமல் விட முடியாது. சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். கற்பனையாக இரண்டு நோயாளிகளை உண்டாக்கி, அவர்களை வைத்தே மேலாளருக்குக் காட்டினாள். திறப்பு தள்ளிப்போனது. டெர்லிஸுக்கு எல்லார் முன்னாலும் ஏச்சு விழுந்தது.

திருத்த உட்கார்ந்தவன், யார் எதைத் திறந்தார்கள் என்று சர்வரில் விழுந்திருந்த பதிவைப் பார்த்துவிட்டான். மாலையில் மாடிப்படியில் அவளை நிறுத்தினான்.

“என்னோடதப் பாத்தியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பாத்தேன். உன்னோடதுன்னு தெரிஞ்சு தொறக்கல, டெர்லிஸ்.”

“என் பொண்டாட்டிக்கே இன்னும் தெரியாது.”

“நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீ டாக்டரப் போய்ப் பாரு.”

“உனக்கு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும். அவன் ஓடிப்போனதுல தப்பே இல்ல.”

அவன் அதுவரை அந்தக் கேலியில் சேர்ந்ததே இல்லை. நிமியா படியிறங்கிப் போனாள்.

ஓட்டை அடைபட்டு, தளம் திறந்தது. டெர்லிஸ் தன் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டான். சில மாதங்களில் வேலையை விட்டு, குடும்பத்தோடு என்கர்னசியோன் நகருக்குக் கிளம்பினான். வைத்தியத்துக்கா, வேறு வேலைக்கா என்று அவளால் கேட்க முடியவில்லை. கடைசி நாளன்று அவன் மனைவி வந்து எல்லாருக்கும் சூடாகச் சிபா ரொட்டி கொடுத்தாள். நிமியாவின் கையில் இரண்டை வைத்து, “உடம்பப் பாத்துக்கோ” என்றாள். நிமியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்லிவிட்டானா இல்லையா என்று அதிலிருந்து தெரியவில்லை.