நான் தேய்த்து வெளுத்த பவளம்

அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். சின்ன வயதில் அம்மாவோடு போய், மரத்தில் வடியும் ரப்பர் பாலைப் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைப்பேன். மங்கில் பழைய பால் ஒட்டியிருந்தால் அம்மாவுக்குத்தான் திட்டு விழும். இப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்பார்கள் நர்ஸுகள். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

என் தம்பி லூமுட் கடற்கரையில் சுற்றுப்பயணிகளுக்குப் படகு ஓட்டுகிறான். பவளப்பாறைகளைக் காக்கும் ஒரு குழு அவனையும் சேர்த்துக்கொண்டது. நங்கூரம் பட்டு உடைந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி, இரும்புக் கம்பிச் சட்டத்தில் கட்டி, ஆழமில்லாத கடலில் வைத்து வளர்க்கும் வேலை. முதல் சட்டம் பிழைத்தால்தான் அடுத்தடுத்த சட்டங்களை அவன் பொறுப்பில் விடுவார்கள். தன்னை நம்பி இவ்வளவு பேர் ஒன்றை ஒப்படைத்தார்களே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

விடுமுறையில் நான் போயிருந்தேன். கடல் வற்றிய காலை நேரம், இடுப்பளவுத் தண்ணீர். தம்பி ஒரு பிரஷையும் நீருக்குள் பார்க்கும் கண்ணாடியையும் கொடுத்தான்.

"அக்கா, கம்பியில இருக்கிற பாசிய மட்டும் தேய்ச்சு விடுங்க. பவளத்துல கை வைக்காதீங்க, அது உசுரு."

"எனக்கே சொல்லித் தாரியா? நீ போய் படகப் பாரு லா."

அவன் போனான். கம்பி நிமிஷத்தில் சுத்தமாகிவிட்டது. அதில் கட்டியிருந்த துண்டுகளோ பழுப்பேறி, கோழை பிடித்தாற்போல் வழவழவென்று நின்றன. கடையில் விற்கிற பவளம் வெள்ளையாகத்தானே இருக்கும், இது ஏன் இப்படிக் கிடக்கிறது என்று எரிச்சலாக வந்தது. ஒன்றைத் தேய்த்தேன். உள்ளே பால் வெள்ளை. அவ்வளவுதான், மங்கு துடைக்கிற வேகம் கைக்கு வந்துவிட்டது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். தம்பி வந்தபோது தண்ணீர் ஏறிக் கலங்கியிருந்தது.

"ஆச்சாக்கா?"

"பளபளன்னு இருக்கு, போ."

மூன்று வாரம் கழித்து ஃபோன் செய்தான். "எல்லாம் செத்துப்போச்சுக்கா. பச்சப் பாசி மூடிருச்சு."

அன்றுதான் பவளம் என்றால் என்னவென்றே கேட்டேன். அவையெல்லாம் கடுகளவு உயிர்களாம். ஒவ்வொன்றும் தனக்கடியில் சுண்ணாம்பால் ஒரு சின்ன மங்கு கட்டி, அதில் உட்கார்ந்துகொள்ளுமாம். பழைய மங்கைக் கீழே விட்டு, அதன் மேலேயே புதிதாகக் கட்டிக்கொண்டு போகுமாம். அப்படி வளர்வதுதான் பாறை. அந்த உயிர்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலை வாங்கி அவற்றுக்குச் சாப்பாடு ஆக்கிக் கொடுக்கிறது. பழுப்பு நிறம் அதனுடையது. மேலே இருக்கும் மெல்லிய தோல்தான் உயிர், உள்ளே வெறும் கல்.

ரப்பர் மரத்துக்கும் பட்டையில்தான் உயிர். பால் வெட்டும் கத்தி பட்டையைத் தாண்டி உள்கட்டையில் பட்டால் அந்தக் காயம் சரியாக ஆறாது. இதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் தேய்த்தது நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை.

"ஏன் செத்துச்சாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆழம் கொறஞ்ச எடத்துல வச்சிட்டேன், சூடு தாங்கலன்னு குழுகிட்ட சொல்லிட்டேன். அடுத்த சட்டத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"சரி விடு" என்று ஆறுதல் சொன்னேன். அப்படிச் சொன்ன என் குரலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு வாராவாரம் பேசினோம். சமையல், மழை, அவன் பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசினேன். அதை மட்டும் பேசவில்லை. வேலையில் யாராவது என் சுத்தத்தைப் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொண்டேன்.

தீபாவளி முடிந்து லூமுட்டுக்குப் போனேன். தம்பி என்னை அந்தச் சட்டத்திடம் கூட்டிப்போனான். குழு கைவிட்ட பிறகும் அவனாகவே வந்து பாசி நீக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்கக்கா, கட்டு போட்ட எடத்துக்கு அடியில கொஞ்சம் தப்பிச்சிருக்கு. அங்கேருந்து மறுபடியும் ஏறுது."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிரஷ் நுழைய முடியாத அந்த இடுக்கில் நகத்தளவு பழுப்பு. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்டா எல்லாத்தையும் தேய்ச்சேன்."

அவன் முகம் மாறவில்லை. "தெரியும்க்கா. சூட்டுல செத்திருந்தா கட்டுக்கு அடியில மட்டும் எப்படிப் பொழைக்கும்?"

"அப்புறம் ஏன்டா உன் மேல போட்டுக்கிட்ட?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றான். "ரொம்ப நாளாயிருச்சு."

பிரஷை என்னிடம் நீட்டினான். கம்பியை மட்டும் தேய்க்க வேண்டும் என்று இந்த முறை அவன் சொல்லவில்லை. வாங்க எனக்குக் கை வரவில்லை.