சாவி ஆட்டாத வியாழக்கிழமை

பல வருடம் என் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. பெண்கள் விடுதியின் பெரிய கேட்டுக்கு ஒரு சாவி, சமையல்கூடத்துக்கு ஒன்று, மொட்டைமாடிக் கதவுக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே வளையத்தில் கிடக்கும். கேட்டுப் பூட்டு எங்கள் திண்டுக்கல்லில் செய்தது. அதன் சாவி என் உள்ளங்கை நீளம் இருக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும், அதற்கு முன்னால் வெளியே நிற்கிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட வேண்டும். எனக்குத்தான் குரல் எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அங்கே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாலும் உதடுதான் அசையும். அதனால் கூப்பிடுவதற்குப் பதிலாகச் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவேன். வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள், போனைக் காதில் வைத்து நடை பழகுபவர்கள், எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு வந்துவிடுவார்கள். "கேட் அக்கா பேசாது, சாவிதான் பேசும்" என்று கேலி செய்துகொண்டே போவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போவேன். இறங்கியதும் வாசலில் ஒரு பெரிய பச்சைப் பலகை நிற்கும். அந்த வாரம் வளாகத்தில் என்னென்ன நடக்கப்போகிறதோ அதையெல்லாம் திங்கட்கிழமை காலையிலேயே எழுதிப் போட்டுவிடுவார்கள். கண் பரிசோதனை முகாம், தையல் வகுப்பு, ரத்ததானம், உதவித்தொகைக்காரர்களுக்குக் கூட்டம், வெள்ளிக்கிழமை சர்வமதப் பிரார்த்தனை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிறவர்களுக்கு வண்டி எத்தனை மணிக்கு என்பது வரைக்கும் அதில் இருக்கும். நான் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பேன். வாசித்து முடிக்கும்போது, ஒரே இடத்தில் இத்தனை காரியம் நடக்கிறதே என்று மலைப்பாக இருக்கும். பல அறிவிப்புக்குக் கீழே 'அனைவரும் வரலாம்' என்று எழுதியிருப்பார்கள். அந்த அனைவரில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு ஐப்பசி மாதம், அந்தப் பலகையில் புதிதாக ஒரு வரி வந்தது. வியாழன் மாலை ஏழு மணி, விளையாட்டு மைதானம், வானம் பார்க்கும் வகுப்பு, வளாகத்தில் உள்ள அனைவரும் வரலாம். எழுதியது பிசிக்ஸ் மேடம். வளாகம் முழுக்க அவரை அப்படித்தான் சொல்வோம். கட்டையான உருவம், எப்போதும் கைத்தறிச் சேலை, ஸ்கூட்டரில் வருவார். அலுவலகத்து ஆட்கள் பழைய அறிவிப்பைக் கையால் தேய்த்துவிட்டு அதன் மேலேயே எழுதுவார்கள். அவர் மட்டும் ஈரத்துணியால் தனக்கு வேண்டிய இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, காயும்வரை நின்று, பிறகுதான் எழுதுவார். அன்றைக்கும் அப்படித்தான் எழுதினார். 'அனைவரும்' என்பதைப் பெரிதாக எழுதியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை வழக்கம்போல ஆறரைக்குக் கேட்டைப் பூட்டினேன். ஏழு மணிக்கு மைதானத்துப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது, பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலில் தெரிந்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிதான். தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பிசிக்ஸ் படித்த பிள்ளை ஒருத்தி, தென்னந்தோப்புக்காரர் மகள், கேட்டுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க அக்கா, பரீட்சையில சனி கெரகத்துக்கு வளையம் போட்டு மார்க்கு வாங்கிட்டேனுங்க. அப்படி ஒண்ணு நெசமா இருக்குதான்னு இன்னும் பார்க்கலீங்க. இது கடேசி வருசமுங்க. ஊருக்குப் போயிட்டா இந்த டெலஸ்கோப்பெல்லாம் ஆருங்க காட்டுவாங்க?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பு முடிந்து திரும்பும்போது மேடம் ஸ்கூட்டரை எங்கள் கேட்டில் நிறுத்தினார். "என்னக்கா, நம்ம பொம்பளப் பிள்ளைக ஒருத்தி கூட வரலையே, அம்புட்டுச் சலிப்பாவா இருக்கு என் வகுப்பு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"கேட்டு ஆறரைக்கே பூட்டிருவோமே மேடம்" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பூட்டைப் பார்த்தார், மேலே ஜன்னல்களைப் பார்த்தார். "நானும் இப்படி ஒரு ஹாஸ்டல்ல இருந்து படிச்சவதான் அக்கா. சொந்த வீட்டுக்குப் போனதும் கேட்டு இருந்ததே மறந்துபோச்சு" என்றார். ஸ்கூட்டரை எடுத்து ஓட்டிக்கொண்டு போகாமல், ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த வாரமும் பலகையில் அதே வரி இருந்தது. அதை எழுதிய கையோடு அவர் நேராக வார்டன் அம்மாவின் அறைக்கு வந்தார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். வார்டன் அம்மா கெட்டவர் இல்லை. முந்நூறு வீட்டுக் கவலையை ஒரு தலையில் சுமக்கிறவர். "ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவுக அப்பா ஆத்தாளுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்றார். "அதோட அங்க ஆம்பளப் பசங்களும் வாரானுக."

"வரட்டும் மேடம். எல்லாரும் அண்ணாந்து வானத்தைத்தானே பார்க்கப்போறாங்க."

"நீங்க வானத்தைப் பார்ப்பீங்க. அவனுக வானத்தையா பார்ப்பானுக?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் வார்டன் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரே ஒரு வியாழன், எட்டு மணிக்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும், ஒருத்தி தாமதித்தாலும் இனிமேல் இந்தப் பேச்சே கிடையாது, விடுதி ஆள் ஒருவர் பொறுப்பாகக் கூட நிற்க வேண்டும் என்றார். யார் நிற்பது என்பதில்தான் அது முட்டிக்கொண்டது. உதவி வார்டன் கைக்குழந்தைக்காரி, ஐந்தரை பஸ்ஸுக்கே போய்விடுவார். சமையல்காரர்களுக்கு அது சாப்பாட்டு நேரம். மேடம் தரையைப் பார்த்தார். எனக்குத் தொப்பம்பட்டிப் பிள்ளையின் முகம் வந்து நின்றது.

"நான் நிக்கிறேன்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வார்டன் அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா? வாயே திறக்க மாட்டியே, இருட்டுல பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவ?"

நான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒருமுறை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்தார். "சரி. ஒருத்தி பிந்தினாலும் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல, பார்த்துக்க" என்றார். நான் தினக்கூலி. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வந்தது. கூடவே மேகமும் வந்தது. பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டு, சாயங்காலம் பார்த்துத் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பக்கமிருந்து மூட்டம் ஏறியது. பிள்ளைகள் கல்யாண வீட்டுக்குப் போகிறாற்போலத் தலைவாரிப் பூ வைத்து வரிசையாக வந்தார்கள். மைதானத்தின் நடுவில் முக்காலியில் ஒரு நீளக் குழாய். மேடம் அதற்குப் பக்கத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒரு பையன், "மேடம், சனி பகவானுக்கே எங்களப் பார்க்கப் பயம்" என்றான். "உன் மூஞ்சியப் பார்த்துத்தான் இழுத்துப் போர்த்திக்கிட்டாரு" என்று எங்கள் பிள்ளை ஒருத்தி இருட்டிலிருந்து சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்தார்கள். நேரம் போனது. வேறு வாத்தியாராக இருந்தால், வந்ததற்கு ஏதாவது படம் காட்டி அனுப்பியிருப்பார்கள். மேடம் அப்படிச் செய்யவில்லை. "இருக்கு, அங்கதான் இருக்கு, செத்த நேரம் இருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், வீட்டுக்குள் இருக்கிற ஒருவருக்காக வாசலில் காத்திருக்கிற மாதிரி.

எட்டு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. நான் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் மேகம் நடுவில் கிழிந்தது. மேடம் குழாய்க்குக் குனிந்து எதையோ திருகினார், நிமிர்ந்தார், "வாங்க" என்றார். தொப்பம்பட்டிப் பிள்ளைதான் முதலில் போனாள். அவள் கண்ணை வைத்தாள். பின்னால் நின்றவள் தோளைத் தட்டிய பிறகும் எடுக்கவில்லை. எடுத்தபோது, "வளையம் இருக்குதுங்க மேடம்" என்றாள், மேடத்துக்குத் தெரியாத சேதி போல. மேடம் அதைக் கேட்டு, "இருக்கா?" என்று அத்தனை ஆசையாகக் கேட்டார்.

வரிசை நீளமாக இருந்தது. வார்டன் அம்மா டார்ச் அடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்து வந்துவிட்டார். நேராக என்னிடம் வந்து, "மணி எட்டு" என்றார். நான் கையை உயர்த்தினேன். அதற்குள் பிசிக்ஸ் மேடம் அவரிடம், "மேடம், வந்ததே வந்துட்டீங்க, நீங்க ஒருக்கா பார்த்துட்டு அப்புறம் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். வரிசையிலிருந்த பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். வார்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். முந்நூறு பிள்ளைகளை அதட்டுகிற அந்த அம்மா, குனிந்தபடி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. நிமிர்ந்ததும் யாரையும் பார்க்காமல் என் பக்கம் வந்தார். "சாவிய இடுப்புல வை. எல்லாப் பிள்ளையும் பார்த்து முடிக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மைதானத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் பார்த்து முடித்த பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "அனைவரும்னு எழுதினேன்ல அக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். கண்ணை வைத்தேன். கறுப்பு. நடுவில் மஞ்சளாக ஒரு மணி, சோளமணி அளவு. அதைச் சுற்றி ஒரு வளையம். ஒட்டாமல், தொடாமல், அந்தரத்தில் நின்றது. உள்ளே ஏதோ படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, குழாயின் வாய்க்கு முன்னால் கையை நீட்டி மறைத்தேன். போய்விட்டது. கையை எடுத்தேன். வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. "ஓடுது மேடம்" என்றேன்.

"அது ஓடலக்கா. நாமதான் சுத்துறோம். நீங்க நிக்கிற தரை இப்ப நகர்ந்துக்கிட்டு இருக்கு, அதைத்தான் பார்க்குறீங்க."

பூமி சுற்றுகிறது என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் அந்த நிமிடம்தான் என் காலுக்குக் கீழே அது போவது தெரிந்தது. மைதானம், விடுதி, மலைக்கோட்டை, என் வீடு, பிள்ளைகள், பூட்டிய கேட்டு, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. விழுந்துவிடுவேனோ என்று மேடத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடிக்க விட்டார். "எனக்கும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்கு. எத்தனை வருசம் பாடம் நடத்தியும் மலைப்பு தீரல" என்றார். அப்புறம் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் விடுதிக்குத் திரும்பினார்கள். யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வார்டன் அம்மா முன்னால் டார்ச் காட்ட, பூசை முடிந்து வருகிறவர்களைப் போல நடந்து வந்தார்கள். எட்டு மணி என்பதைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மேடம் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நானும் வேலையை விட்டு, மகன் வீட்டில் இருக்கிறேன். தொப்பம்பட்டிப் பிள்ளை போகும்போது விடுதி வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டுப் போனாள், இதுவரை யாரும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. பலகையில் வந்ததெல்லாம் இப்போது போனில் வருகிறது. யோகா வகுப்பு, பல் முகாம், வேலைவாய்ப்புக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வண்டி. நான் இன்றும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை வந்ததை இரண்டு தடவை வாசித்தேன். வியாழன் மாலை ஏழு மணி, விளையாட்டு மைதானம், வானம் பார்க்கும் வகுப்பு, அனைவரும் வரலாம். அதற்குக் கீழே, முன்பு இல்லாத இன்னொரு வரி: பெண்கள் விடுதி கேட்டு ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.

இன்றைக்கு வியாழன். ஏழு மணிக்கு நான் மொட்டைமாடிக்கு ஏறுவேன். இங்கே குழாய் இல்லை, கைப்பிடிச் சுவர் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுச் சாவிக்கொத்து இப்போதும் என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஏறுவதற்கு முன்னால் அதை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். அந்த மைதானம் எங்கேயோ இருக்கிறது, சாவிச் சத்தம் அவ்வளவு தூரம் போகாது என்று தெரியும். இருந்தாலும், பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டு உள்ளே போய்விடக் கூடாது.