ஊதா ஏறிய கட்டைவிரல்

செல்லக்கண்ணுவின் கழுவலைக் குறை சொன்ன ஆள் சிங்கப்பூர்த் தேக்காவிலேயே கிடையாது. ஒரு சோடாக் கம்பெனியில் ஒன்பது வருஷம் புட்டி கழுவியவன். தண்ணீரை ஊற்றி, கட்டைவிரலால் வாயை அடைத்து, ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்தால் போதும், புட்டி பளிச்சென்று நிற்கும். அந்தப் பெயரை நம்பித்தான் கம்பவுண்டர் அப்துல் மஜீது 1913இல் அவனை ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர். நோயாளிகளின் இரத்தத்தில் அமினோ அமிலம் எவ்வளவு என்று அளப்பது அவர் வேலை. ஜெர்மனியிலிருந்து வந்த மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால் அந்தச் சத்து உள்ள குழாய் ஊதாவாகும். சத்து கூடினால் நிறமும் கூடும். அளவு தெரிந்த குழாய்களை வரிசையாக நிறுத்தி, நிறத்தோடு நிறம் வைத்துப் பார்ப்பார். ஓரத்துக் குழாயில் சத்து எதுவும் இல்லாத, காய்ச்சி வடித்த வெறும் வடிநீர். அது மட்டும் நிறம் மாறவே கூடாது.

மூன்று நாளாக அது மாறிக்கொண்டே இருந்தது. துரைக்கு மூக்குக்கு மேல் கோபம். இவன் அழுக்குக் கைக்காரன், வெள்ளிக்கிழமையும் மாறினால் வீட்டுக்குப் போகட்டும் என்று மஜீதிடம் சொல்லிவிட்டார். வேலை போவதுகூடப் பெரிதில்லை. அழுக்கு என்ற அந்தச் சொல்தான் பாவம், அவனை அரித்தது. வியாழக்கிழமை இரண்டு தரம் கூடுதலாகக் கழுவினான், இரண்டு தரம் கூடுதலாக விரலால் அடைத்துக் குலுக்கினான். நிறம் இன்னும் கூடியது. கிரகசாரத்தைப் பாருங்கள்!

அன்று மேசை துடைக்கையில் மருந்து கையில் கொட்டிவிட்டது. விடிந்து பார்த்தால் விரலெல்லாம் கத்தரிக்காய் நிறம். மனைவி சந்திரமதி புளி போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"அந்த மருந்து என்ன நிறமுங்க?"

"தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

"அப்ப இந்த ஊதாவுக்குப் பாதி உங்க கையில இருந்துல்ல வந்திருக்கணும்?"

செல்லக்கண்ணு குழாய் வாயை அடைக்கும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சொன்னால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. சொல்லாவிட்டால் நோயாளிகளின் அளவெல்லாம் தப்பு. போனான், மஜீதின் வாயால் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னான். மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்ததில், விரல் படாமல் அலசிய குழாய் தெளிவாக நின்றது. விரல் பட்டது ஊதாவானது.

அழுக்குக் கை என்று நான்தான் சொன்னேனே என்றார் துரை.

செல்லக்கண்ணு சோப்புப் போட்டுக் கழுவி, வடிநீரில் அலசி, மறுபடி விரல் வைத்தான். அப்போதும் வெளிறிய ஊதா. புதுக் குழாய் ஒன்றில் வடிநீர் ஊற்றி அவரிடம் நீட்டினான்.

"நீங்களும் ஒரு தரம் வெரல வைங்க தொரை."

மஜீது இரண்டு 'தயவுசெய்து' சேர்த்து அதை மொழிபெயர்த்தார். துரை முறைத்தார். பிறகு, என்ன இருந்தாலும் சோதனைக்காரர் அல்லவா, விரலை வைத்துக் குலுக்கினார். காய்ச்சினார்கள். ஊதா! வரிசையில் வைத்துப் பார்த்தால் செல்லக்கண்ணுவின் குழாயைவிட இரண்டு படி அடர்த்தி.

துரை இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், குழாய் வாயில் இனி யார் விரலும் படக் கூடாது, என் விரல் உட்பட, அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அன்று மாலை சந்திரமதியிடம் அந்த ஊதா விரல்களை விரித்துக் காட்டினான்.

"தொரை கையவிட நம்ம கை ரெண்டு படி சுத்தம் புள்ள. அளந்தே பாத்தாச்சு."

துரை சோப்புப் போட்டுக் கழுவவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.