அப்பா பெயருக்கு வந்த ரீஃபண்ட்

போன மாதம் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன் — வருமான வரிக் கணக்கை யார் தயவும் இல்லாமல் நானே தாக்கல் செய்தேன், ரீஃபண்ட் சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது என்று.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தவாசலில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கோவிந்தன். நெல்லிவாசல்நாட்டுக்காரர், மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். எனக்கு வருடாவருடம் சாமை கொண்டுவந்து தருவதும் அவர்தான். கையில் என் பத்தி வந்த பக்கம், நாலாக மடித்து. ஜீப்பின் பின்பக்கம், எட்டுப் பேர் உட்காரும் இடத்தில், ஒற்றை ஆளாக ஒருவர். மொடமொடவென்று வேட்டி. கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

"எங்க நைனா மேடம். செல்லான்னு பேரு. ஒரு வாரமா என்கிட்ட பேசறதில்ல."

பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் பேசாம இல்லம்மா. அவன்தான் பேசறதில்லன்னு சொல்லு."

விஷயம் இதுதான். கோவிந்தனின் ஜீப்பை ஓர் அரசு அலுவலகம் சில மாதம் வாடகைக்கு எடுத்திருந்தது. கொடுத்த வாடகையில் டிடிஎஸ் என்று வரி பிடித்துவிட்டார்கள். கோவிந்தனின் வருமானத்துக்கு வரியே வராது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் முழுக்கத் திரும்பி வரும். பிரவுசிங் சென்டரில் தாக்கலும் செய்தாகிவிட்டது.

அந்தப் பணம் வந்தால்தான் ஜீப்புக்கு இரண்டு டயர் மாற்றி, பிரேக் பார்த்து, பெயின்ட் அடித்து எஃப்.சி. காட்ட முடியும். மாதக் கடைசியில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிகிறது. முடிந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான். வண்டிக் கடன் மட்டும் ஓரத்தில் நிற்காது!

இந்த நேரத்தில்தான் மெசேஜ் வந்தது. கோவிந்தனின் போனுக்குத்தான். ஆனால் அந்தப் போன் செல்லானின் இடுப்பில் இருக்கிறது. காரணம், அவர்கள் ஊரில் செல்லானின் சாமைக் காட்டுப் பாறை மேல்தான் டவர் கிடைக்கும். ஜீப் வேண்டுமென்று யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுவது அவர்தான்.

"படிச்சிப் பாரும்மா" என்று போனை நீட்டினார் செல்லான். 'டியர் செல்லான், உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்படுகிறது...' என்று ஆங்கிலத்தில் இருந்தது. "சர்க்காரு எனக்குக் கடுதாசி போட்டுகீது. இதுல இவன் பேரு எங்கம்மா கீது?"

தேடிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? அப்பாவை ஒரே எழுத்தாகச் சுருக்கி, ஒரு புள்ளியும் வைத்து, பெயருக்கு முன்னால் நிறுத்திவிடுகிறோம். செ. கோவிந்தன். பான் கார்டு விண்ணப்பத்துக்கு இதெல்லாம் பிடிக்காது. அந்தப் புள்ளிக்குள் இருப்பவரை வெளியே இழுத்து, முழுசாக நீட்டி, 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் உட்கார வைத்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டர் கடைசியில் இருப்பவரைத்தான் மரியாதையாகக் கூப்பிடும். தமிழ்நாட்டில் எத்தனை அப்பாக்கள் தங்களுக்கே தெரியாமல் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

மெசேஜ் வந்ததும் மகன் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டிருக்கிறார். பணம் இல்லை. நைனா எடுத்துவிட்டார் என்று முடிவு. மறுநாள் நைனா, மகனுக்குத் தெரியாமல், வேறொருவர் ஜீப்பில் போய்த் தன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டிருக்கிறார். பணம் இல்லை. மகன் எடுத்துவிட்டான் என்று முடிவு. ஒரே சோற்றுப்பானை, ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

"சரி, பணம் எங்கே இருக்குன்னு பார்த்துடலாம்" என்று லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு பிரவுசிங் சென்டர்காரரிடம். உள்ளே போக ஓடிபி வேண்டும். செல்லானின் இடுப்பில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நம்பர் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏங்க?"

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போன்லயே ஒரு பொண்ணு தெனம் சொல்லுது. நீ இன்னாம்மா படிச்சவ, இப்டி கேக்கற?"

அந்தப் பெண் சொன்னதை இந்த நாட்டில் ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரப் பேச்சுவார்த்தை. கடைசியில் ஓர் உடன்பாடு — நம்பரை வாயால் சொல்ல மாட்டார், அவரே தட்டுவார், நானும் கோவிந்தனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நின்றோம். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தட்டினார். நேரம் முடிந்துவிட்டது. மறுபடி ஓடிபி, மறுபடி சுவர். என் வீட்டுச் சுவரில் அத்தனை விரிசல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை கதவு திறந்தது. ரீஃபண்ட் நிலவரம்: தோல்வி. கொடுத்த வங்கிக் கணக்கும் பான் கார்டும் பொருந்தவில்லை. பணம் புறப்படவே இல்லை.

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ நீ எடுக்கலியா?"

"நீ எடுக்கலியா நைனா?"

திரையில் இருந்த கணக்கு எண் யாருடையது? செல்லானுடையது. தாக்கல் செய்த அன்று கோவிந்தன் பாஸ்புக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிரவுசிங் சென்டர்காரர் செல்லானிடம் இருக்கும் போனுக்கு அடித்து, திரையில் இருந்த பெயரைப் பார்த்து, "செல்லான் அக்கவுன்ட் நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறார். இவரும் வீட்டுக்குப் போய்த் தன் பாஸ்புக்கை எடுத்துவந்து, பாறை மேல் நின்றபடி பார்த்துக் கணீரென்று சொல்லியிருக்கிறார். செல்லான் என்று கேட்டால் செல்லான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

"கடுதாசியும் என் பேருல, கணக்கும் என்னுது" என்று மறுபடி கையைக் கட்டிக்கொண்டார் செல்லான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது உங்க பையன் ஒழைச்ச காசுங்க. வண்டி நின்னா குடும்பம் என்னாகும்? காசுக்கு ஏன் இப்படி அடம் புடிக்கிறீங்க?"

செல்லான் போனை எடுத்து, மெசேஜின் முதல் வார்த்தையைக் காட்டினார்.

"இதுக்கு இன்னா அர்த்தம்?"

"டியர்னா... அன்புள்ளன்னு அர்த்தம்."

"பிரவுசிங் சென்டருல கேட்டப்பவும் அப்டித்தான் சொன்னாங்கோ. ஃபாரஸ்ட்காரன் வந்தா 'யோவ்'. தாலுக்கா ஆபீஸ் போனா 'ஏய், ஓரமா நில்லு'. அறுவது வருசத்துல சர்க்காரு என்னை அன்புள்ளன்னு கூப்டது இதான் மொதோ தபா. காச அவனே எடுத்துக்கட்டும்மா. கடுதாசி எனக்கு வந்ததுன்னு அவன் ஒத்துக்கணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டு, "உனக்கு வந்ததுதான் நைனா" என்றார்.

மறுநாள் கோவிந்தன் வங்கிக்குப் போய், தன் கணக்கில் இருந்த புள்ளியை எடுத்துவிட்டு, பான் கார்டில் உள்ளபடி அப்பாவின் முழுப் பெயரைச் சேர்க்க எழுதிக்கொடுத்தார். பெயர் மாறி வந்ததும் அந்தக் கணக்கை இணையதளத்தில் சேர்த்தோம், ஏற்றுக்கொண்டது. ரீஃபண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி விண்ணப்பமும் போட்டாயிற்று.

அதோடு என் நிம்மதி போயிற்று. தினமும் காலை ஆறு மணிக்குப் பாறையிலிருந்து போன்.

"இன்னாம்மா, பணம் கெளம்பிச்சா?"

"வங்கிக்கு அனுப்பியாச்சுன்னு போட்டிருக்குங்க."

"அமிர்தி தாண்டிச்சா?"

முதல் இரண்டு நாள், மலையடிவார ஊரெல்லாம் தாண்டி இது பஸ்ஸில் வராது என்று விளக்கினேன். மூன்றாம் நாள், "தாண்டிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனேன்.

எஃப்.சி. முடிய ஆறு நாள் இருக்கும்போது பணம் கோவிந்தன் கணக்கில் விழுந்தது. டயர் மாற்றி, பெயின்ட் அடித்து, எஃப்.சி.யும் வாங்கியாகிவிட்டது. முந்தாநாள் பளபளவென்று ஜீப் வந்து நின்றது. இந்தத் தடவை செல்லான் முன் சீட்டில், மகனுக்குப் பக்கத்தில்! புதிதாக வந்த 'டியர் செல்லான்' மெசேஜைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுக் கையில் வைத்திருந்தார்.

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, மகன் வண்டியைத் திருப்பப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்தார்.

"ஒரு ஒதவி பண்ணும்மா. அடுத்த வருசம் வரிய இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா புடிக்கச் சொல்லு. இவன் ஜீப்பு போதாதுன்னா என் சாமைக்கும் சேத்துப் புடிச்சிக்கட்டும்."

விவசாயத்துக்கு வருமான வரி கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.