வட்டம்மாவின் வட்டம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் வட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிருமி படர்ந்த தட்டில் ஒரு சொட்டு மருந்து விட்டால், கிருமி செத்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். காலையில் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "வட்டம் வந்திருக்கா?" என்று கேட்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

அவளை இந்த வேலையில் இழுத்துவிட்டது ரத்தப் புற்றுநோய் வார்டு. சிகிச்சையில் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தி தரைமட்டமாகிவிடும். அந்த நேரம் பார்த்து, சாதாரண ஆண்டிபயாடிக் எதற்கும் மசியாத கிருமி ரத்தத்தில் புகுந்துகொள்ளும். புற்றிலிருந்து பிழைத்த பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேரும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியுமா, எரியாதா? அவளுக்கு எரிந்தது.

சாகிற புற்றணு, அதாவது புற்றுநோய் செல், ஏதோ ஒன்றைக் கக்குகிறது, அது கிருமியை அடக்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. கேட்டவர்கள் சிரித்தார்கள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அதே கூடத்தில் புற்றணுக்களைச் சத்துநீரில் ஊற வைத்துக் கண்ணும் கருத்துமாக வளர்ப்பது அவர் வேலை. அணு வளர்ந்தபின் அவர் தரும் அந்த நீரை அவள் வார்டுக் கிருமியின் மேல் சொட்டுவாள்.

ஒருநாள் வட்டம் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. அணு வளராத வெறும் சத்துநீரைத் தன் கையாலேயே கலக்கி ஒப்பிட்டாள். அதில் வட்டமே இல்லை. பிறகென்ன? ஆய்வாளர் கூட்டத்தில் மேடையேறிப் பேசினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவர் கணவர். வார்டு டாக்டர் பெற்றோர்களிடம் கேட்டு, பிள்ளைகளின் ரத்தத்தை அடுத்த கட்டச் சோதனைக்கு எடுத்துக் கொடுத்தார். ஊசி குத்த இடமில்லாத கைகள் அவை. "எடுத்துக்கங்கம்மா, என் பொண்ணுக்கு உதவலன்னாலும் அடுத்த பிள்ளைக்கு உதவட்டும்" என்றாள் ஒரு தாய். அந்த வார்த்தைக்காகவே வட்டம்மா மாடாய் உழைத்தாள்.

அப்போதுதான் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர் வீட்டில் படுத்துவிட, அணுக்களுக்கும் அவளே சத்துநீர் கலக்கினாள். வட்டம் வரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தாள். ம்ஹூம். கடைசியில், அவர் கலக்கி வைத்துவிட்டுப் போன புட்டி ஒன்றைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாள். அணுவே படாத புதுப் புட்டி. அதிலிருந்து ஒரு சொட்டைக் கிருமித் தட்டில் விட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பளிச்சென்று வட்டம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"சத்துநீர்ல என்னங்க கலந்தீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "உன் கிருமி ஒரு தடவ என் அணுவுக்குள்ள பூந்து எல்லாம் நாசமாச்சே? நீ எப்படி அழுத! சாதா மருந்து எதுக்கும் அது சாகல. அதான் வார்டுல கடைசியா போடுவாங்களே, அந்தக் கடும் மருந்தைக் கொஞ்சமா..."

"வட்டம் அதனாலதான்னு எப்பத் தெரியும்?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேக்கறேன்ல!"

"முதல் வட்டத்துலயே தோணுச்சு. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

அடப்பாவி மனுஷா! கலந்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆய்வுக்கூடத்தில் யார்தான் தப்புச் செய்யவில்லை? தெரிந்துகொண்டே மேடையேற விட்டானே, தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளைகளின் கையில் ஊசி ஏற விட்டானே, அதுதான் அவள் நெஞ்சைக் கிழித்தது. வெளியாள் செய்திருந்தால் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். இவருக்கோ தினமும் தன் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கவனக்குறைவுன்னு சொல்லிடலாம்மா. ரெண்டு பேர் மானமும் தப்பிக்கும்" என்றார்.

அவர் எதிரிலேயே வார்டு டாக்டருக்குப் போன் போட்டாள். "டாக்டர், நான் சொன்னது பொய்யாப் போச்சு. மருந்து கலந்த நீர் அது. கலந்தது என் வீட்டுக்காரர். தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சிட்டார்."

"அப்ப பிள்ளைங்ககிட்ட எடுத்த ரத்தம்?" என்று டாக்டர் கேட்டார்.

"வீண்தான் டாக்டர். அந்த அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

சொன்னபடியே மத்தியானம் வார்டுக்குப் போனாள். அந்தத் தாய் திட்டவில்லை, அழவுமில்லை. மகளின் சட்டைக் கையை இழுத்து ஊசித் தழும்புகளை மூடினாள், அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பி நாற்காலியில் விழுந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டே அவர் மெல்ல அடுக்களைக்குப் போய், டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அவள் கோப்பையைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"இதுல என்னங்க கலந்திருக்கீங்க?"

"சர்க்கரைதான்மா" என்றார். அவளால் நம்ப முடியவில்லை.